கூடு கட்டாத வெள்ளை ஆலா

பறவைகளின் திறனைப் பாராட்டப் புகுவோர் முதற்கண் எடுத்துக்காட்டுவது அவை கட்டும் கூட்டினையே ஆகும். பனையோலை நுனியில் தொங்கும் தூக்கணங்குருவிக் கூட்டின் நுட்பத்தை வியவாதார் யார்? ஆயின், கூடென்று ஒரு துரும்பையேனும் எடுத்து வையாமலே குஞ்சு பொரித்து வளர்க்கும் பறவையும் இவ்வுலகில் உண்டு. அதுவே வெள்ளை ஆலா.

இந்து, பசிபிக், அத்திலாந்திக்கு ஆகிய சமுத்திரங்களின் வெப்பமண்டலத் தீவுகள் இக்கடற்பறவையின் உறைவிடம். நமக்கு அண்மையில், மாலைதீவின் தென்கோடியிலுள்ள அட்டுத் தீவுக்கூட்டத்தில் இது குஞ்சு பொரிக்கின்றது. அங்கே ஆசிரியப் பணி புரிந்த என் தம்பியைக் காணச் சென்றிருந்த காலையில், ஈரப்பலா மரமொன்றிலே இதனை யான் கண்ணுற்றேன்.

உடல் முழுவதும் தூய வெண்மை. நீளம் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர். விரித்த சிறகின் அகலம் 70 முதல் 80 சென்ரிமீற்றர் வரை. ஞாயிற்றை நோக்கி அது பறக்கும்போது, சிறகுகளினூடாக ஒளி கசிந்து வருதலைக் காணலாம். கண்ணைச் சுற்றிய கரிய வளையம் அக்கண்ணை மேலும் பெரிதாக்கிக் காட்டும். அலகின் நுனி கறுப்பு, அடி நீலம். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றே. மனிதரைக் கண்டு அஞ்சி ஓடாது, தலைக்கு மேலே அசையாது நின்று பறந்து, நம்மை உற்று நோக்கும் இயல்பும் இதற்கு உண்டு.

முட்டையிடும் காலத்தில் இது வெறுங்கிளையிலுள்ள சிறு பள்ளத்தையோ கவட்டையோ தேர்ந்து, அதில் ஒரேயொரு முட்டையை இடும். வலிய காற்றொன்று வீசினால் முட்டை வீழ்ந்துவிடும். எலியும் பூனையும் அதற்குப் பகை. கூட்டிலே பல்கும் உண்ணி முதலிய ஒட்டுண்ணிகளினின்றும் தப்புதற்காகவே கூட்டைத் துறந்தது போலும் என்பர் ஆய்வாளர்.

இது பொறுப்பற்ற செயலென்று நினைத்தல் தகாது. தாயும் தந்தையும் முறைவைத்து, ஏறத்தாழ 35 நாள்கள் அம்முட்டையை அடைகாக்கும். ஒன்று கடலுக்குச் செல்ல, மற்றது கிளையிலிருக்கும். வெளிவரும் குஞ்சுக்கோ பிறவியிலேயே உறுதியான பாதங்களும் கூரிய நகங்களும் அமைந்துள்ளன. மழையிலும் காற்றிலும் அது கிளையை இறுகப் பற்றிக்கொள்ளும். பெற்றோர் சிறு மீன்கள் பலவற்றை அலகில் குறுக்காக அடுக்கிக் கொணர்ந்து ஊட்டும். ஏறக்குறைய ஏழு கிழமையில் குஞ்சு பறக்கத் தொடங்கும். பறந்த பின்னரும் சில காலம் ஊட்டுதல் ஓயாது. முட்டை வீழ்ந்துபோயின், அதே இடத்திலேயே மறுபடி இடுதலும் உண்டு.

ஹவாயிலுள்ள ஹொனலுலு மாநகரிலே, வீதியோர மரங்களிலும் இப்பறவை வாழ்கின்றது. முட்டையுள்ள மரத்தைக் கிளை வெட்டுவோர் அறியும்பொருட்டு, ஆர்வலர்கள் அதில் நீலநாடா கட்டிவைக்கின்றனர். 2007ஆம் ஆண்டில் அந்நகரம் இதனைத் தன் பறவையாக ஏற்றுக்கொண்டது.

அட்டுவின் அம்மரத்தடியில் நின்றபோது, என் நினைவு 1995ஆம் ஆண்டிற்குச் சென்றது. அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி, வலிகாமத்து மக்கள் வீடு வாசல் துறந்து இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அப்பொழுது எனக்கு வயது 14. அம்மாவின் கையில் ஒரு துணிப்பொதி. ஐயாவின் தோளில் தம்பி. தென்மராட்சியிலே நமக்கு வீடுமில்லை, வகுப்பறையுமில்லை. எனினும் சில நாள்களுள், நம் கல்லூரி ஆசிரியர் ஒருவர் எங்களைத் தேடிச் சைக்கிளில் வந்து, மாமரமொன்றின் கீழே இருத்திப் புணர்ச்சி விதி கற்பித்தார். அவர் வர இயலாத நாளில் வேறோர் ஆசிரியர் வந்தார். அவர்களும் வீடிழந்தவர்களே, அதுபற்றி ஒரு சொல்லும் எங்களிடம் உரைத்திலர். 1996இல் ஊர் மீண்டபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. மரத்தடியிற் கற்ற இலக்கணம் இருந்தது. அதைக்கொண்டே இன்று யான் சோறுண்கின்றேன்.

யூபிலி ஆண்டிலே புதிய கட்டடங்கள் பற்றிப் பேசுகின்றோம். அவை எழுதல் வேண்டும். மழையில் நனைந்து படித்தவன் கூரையை இகழான். ஆயின் அக்கூரையின் கீழ் முறை தவறாது வந்திருந்து அடைகாப்போர் யாவர் என்பதையும் பழைய மாணவராகிய நாம் எண்ணுதல் வேண்டும். வசதி குறைந்த பிள்ளை ஒருவனின் படிப்பு இடையில் நில்லாது தாங்குவதும், ஆசிரியரில்லாப் பாடத்துக்கு மாலையில் வந்து கற்பிப்பதும் நம்மால் இயலாதன அல்ல.

காற்று எத்திசையினின்று வீசினும், நம் பிள்ளைகள் கிளையைப் பற்றிக்கொள்ள வல்லவராகுக. கல்லூரித்தாய் நீடு வாழ்க!