இரண்டு தையல்

நாற்பது வயதைத் தாண்டியவனுக்கு யோசனை சொல்லாதவர்கள் ஊரில் யாருமே கிடையாது. எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை. இரத்த அழுத்தமும் இல்லை. ஆனால் ஒரு நாவல் இருந்தது, பதினேழாவது அத்தியாயத்தில் நின்றுபோன நாவல். கதாநாயகி ரயிலடியில் நிற்கிறாள். ரயில் வரவில்லை. நாலு மாதமாக வரவில்லை. இந்தக் கதையைக் கேட்ட என் டாக்டர் நண்பர், "மூளைக்கு ஓய்வு கொடுத்தால் மட்டும் போதாது ஐயா, கைக்கு வேலை கொடும்" என்று சொல்லிவிட்டார்.

கைக்கு என்ன வேலை கொடுப்பது? தோட்டம் போட்டுப் பார்த்தவன் நான். அதனால் பயனடைந்தவை தெருவிலுள்ள ஆடுகள்தாம். புல்லாங்குழல் வாங்கினேன், பக்கத்து வீட்டுக்காரர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார். கடைசியில் மேஜைமேல் கிடந்த பழைய டைரி உறை ஒன்று கண்ணில் பட்டது. கல்யாணத்துக்கு வந்த பரிசு. தோலால் ஆனது. அதன்மேல் ஒரு தாமரை, தடவினால் விரலுக்குத் தெரியும்படி புடைத்துக்கொண்டு நிற்கும். வங்காளத்தில் சாந்திநிகேதனத்தை அடுத்த ஸ்ரீநிகேதனில் 1922-இல் தாகூர் ஒரு கிராமப் புனரமைப்பு நிலையத்தைத் தொடங்கினார். அங்கே இந்தத் தோல் வேலையை வளர்த்தவர் அவருடைய மகன் ரதீந்திரநாத். கவியின் பிள்ளையே கையை அழுக்காக்கிக்கொண்ட வேலை என்றால், அது நமக்கும் தகும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

நாவலை முடிப்பதற்கென்று ஏற்காட்டில் மூன்று மாதத்துக்கு ஒரு சிறு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தோம். ஒண்டிக்கடையிலிருந்து பத்து நிமிஷ நடை. சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளையும் ஏறி, நானும் மனைவியும் என் தாயாரும் வந்து சேர்ந்தோம். நாங்கள் வந்த மறுவாரம் என் கருவிகளும் தபாலில் வந்து சேர்ந்தன. விரலால் திருப்பிக்கொண்டே கோடு கிழிக்கும் சுழல் கத்தி ஒன்று; இரும்பு அச்சுகள் பத்துப் பன்னிரண்டு; மரக் கொட்டாப்புளி ஒன்று. தோலைச் சேலத்திலேயே வாங்கி வந்திருந்தேன். பளபளவென்று, கன்றுக்குட்டியின் காதைப் போல மெத்தென்று இருந்தது.

அடியில் வைத்துத் தட்டுவதற்குக் கனமான கல் ஒன்று வேண்டும். கொல்லைப்புறத்தில் யாரும் தொடாத அம்மி ஒன்று கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் தட்டு விழுவதற்குள் மனைவி வந்துவிட்டாள்.

"ஏங்க, அம்மிமேலேயா தோலை வெச்சுத் தட்டுவாங்க?"

"இதிலே யாரும் அரைக்கிறதில்லையே!"

"அரைக்காட்டி என்ன? அம்மி அம்மிதானே?"

அவள் காலில் தோல் செருப்பு இருந்தது. அதைச் சுட்டிக் காட்டும் அளவுக்கு நான் விவேகமற்றவன் அல்ல. சமையலறை மேடை போட்டபோது மிஞ்சியதென்று வீட்டுக்காரர் ஒரு கிரானைட் துண்டைக் கொடுத்தார். திண்ணை ஓரத்தில் அதைப் போட்டு என் பட்டறையைத் திறந்தேன்.

முதல் நாள் ஒரு ரோஜாப்பூ வெட்டினேன். புத்தகத்தில் போட்டிருந்தபடியே தோலை நனைத்து, கோடு கிழித்து, அச்சு வைத்துத் தட்டினேன். பூ வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் தலையை ஆட்டினாள். காலையில் எழுந்து பார்த்தால் பூவைக் காணோம்! தலையணையில் பதிந்த கைத்தடம் மறைகிற மாதிரி, தோல் தானாகவே நிமிர்ந்துகொண்டு விட்டது. கத்தி கிழித்த கோடுகள் மட்டும் பூனை பிறாண்டியதைப் போல மிச்சமிருந்தன. நாலு நாள் தட்டினேன். நாலு பூவும் இரவோடு இரவாகப் போய்விட்டன.

ஒண்டிக்கடை என்ற பெயரைப் பார்த்தால் ஒரு காலத்தில் அங்கே ஒற்றைக் கடைதான் இருந்திருக்க வேண்டும். இன்று மிளகாய் பஜ்ஜிக் கடைகளை மட்டும் எண்ணினாலே விரல்கள் போதாது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள், ஏரிக்குப் போகிறவர்கள், கூடையில் பலாப்பழம் கொண்டுவரும் கிராமத்தார் என்று எந்நேரமும் கூட்டம். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நீலத் தார்ப்பாயின் கீழே ஒரு பெரியவர் செருப்புத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குடையும் பழுது பார்ப்பார். ஏற்காட்டில் விடுதிப் பள்ளிகள் அதிகமல்லவா? அந்தப் பிள்ளைகளின் பூட்ஸுகள் எப்போதும் அவருக்கு முன்னால் வரிசையாகக் காத்திருக்கும். ஒரு நாள் என் ரோஜாத் தோலை அவரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

அவர் பூவைப் பார்க்கவே இல்லை. தோலின் வெட்டுவாயைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"நடுவாலே நீலம் ஓடுது பாருங்க. இது மருந்துத் தோலுங்க. இது எதையும் மனசுலே வெச்சுக்காது" என்றார். பிறகு பெட்டியைக் கிளறி, மரப்பட்டை நிறத்தில் கட்டியான ஒரு துண்டை எடுத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு விழுந்த இடம் உடனே கறுத்தது. அதில் நகத்தால் ஒரு பிறை போட்டு என் கையில் கொடுத்தார். "இது பட்டைத் தோலு. நாளைக்கு வந்து பாருங்க, இருக்கும்."

மறுநாளும் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த முறையைச் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் பரிசோதித்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான். பட்டை போட்டால் வாரக்கணக்கில் ஆகிற வேலை, குரோமியத்தில் ஓரிரு நாளில் முடிந்துவிடும். இப்படிப் பதப்பட்ட தோல் மிருதுவானது. அமுக்கினால் அமுங்கும், விட்டால் நிமிரும். பூட்ஸுக்கும் கைப்பைக்கும் அந்தக் குணம் நல்லது. ரோஜாப்பூவுக்கு ஆகாது. பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து தோலின் நார்களுக்கிடையே புகுந்து நிறைந்துகொள்கிறது. அதனால் ஈரமாயிருக்கும்போது களிமண்ணைப் போல வளைந்து கொடுத்து, காய்ந்தபின் கொடுத்த வடிவத்திலேயே நின்றுவிடுகிறது.

அந்தப் பட்டை எந்த மரத்துப் பட்டை என்றால், நம் ஆவாரம் பட்டை! ஈரோடு, திண்டுக்கல், திருச்சி என்று நம்மூர்த் தொட்டிகளில் ஆவாரம் பட்டையில் ஊறி, கடுக்காயில் மெருகேறிக் கப்பலேறிய தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்றே உலகச் சந்தையில் பெயர். பிற்காலத்தில் ஆவாரம் பட்டையின் இடத்தை வாட்டில் பட்டை பெரும்பாலும் பிடித்துக்கொண்டாலும் பெயர் மாறவில்லை. இந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் பொங்கலுக்கு முதல் நாள் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் ஆவாரம்பூவைச் சேர்த்து வாசல் நிலையில் காப்புக் கட்டுவது வழக்கம். அந்தச் செடியின் பூ நிலைப்படிமேல் ஏறலாம். அதன் பட்டையில் ஊறிய தோல் மட்டும் நிலைப்படிக்கு வெளியே நிற்க வேண்டும். நாற்பத்தைந்து வருஷம் அந்த வாசலில் புகுந்து புறப்பட்டவன், ஒரு நாளும் இதை யோசித்ததில்லை.

ஈரோட்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் கனத்தில் பட்டைத் தோல் வரவழைத்தேன். அன்றுமுதல் தினமும் சாயங்காலம் பெரியவருக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட ஒரு பழப்பெட்டிமேல் எனக்கு இடம். பூ வெட்டுவதை அவர் அறியமாட்டார். அதற்குப் புத்தகம் இருந்தது. தோலை அறிந்தவர் அவர்.

முதல் பாடம் ஈரம். தோலைப் பஞ்சால் நனைத்துவிட்டு உடனே கத்தியை எடுத்தால் கோடு கூழாகிவிடும். நனைந்து கறுத்த நிறம் மெல்ல வெளிறி, பழைய நிறத்துக்குத் திரும்புகிற சமயத்தில், கன்னத்தில் வைத்தால் குளுகுளுவென்றிருக்க வேண்டும். அதுதான் பருவம். கீழே சேலத்து வெயிலில் சீக்கிரம் வந்துவிடுகிற அந்தப் பருவத்துக்கு, மஞ்சு மூடிய ஏற்காட்டில் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். "அவசரப்பட்டு ஊதாதீங்க" என்பார் பெரியவர்.

அடுத்தது கோடு. கத்தி தோலின் கனத்தில் பாதிக்குமேல் இறங்கக் கூடாது. பிறகு கோட்டின் வெளிப்பக்கத்தை அச்சு வைத்துச் சரிவாக அமுக்கிக்கொண்டே வர வேண்டும். தோல் செதுக்குதல் என்று பெயரே தவிர, கல்லிலும் மரத்திலும் போல இதில் எதையும் செதுக்கி எடுப்பதில்லை. சுற்றியுள்ள இடம் தாழத் தாழ, பூ தானாக உயர்ந்து தெரிகிறது. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்து ஷெரிடன் நகரில் டான் கிங் முதலிய சேணத் தொழிலாளர்கள் குதிரைச் சேணங்களில் கொடி கொடியாய் ரோஜாக்களைப் பூக்க வைத்ததெல்லாம் இந்த ஒரே வித்தையைக் கொண்டுதான்.

தப்புகளுக்கும் குறைவில்லை. ஈரத் தோலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். மலை ஈரத்தில் அது வெள்ளைப் பூஞ்சணம் பூத்தது. நான் வெட்டாமலே பூத்த பூ அது ஒன்றுதான். இன்னொரு நாள் ஈரத் தோலின்மேல் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் கத்தரிக்கோலின் உருவம் கன்னங்கரேலென்று பதிந்திருந்தது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கலம்காரித் துணியின் கறுப்பு அப்படி வருவதுதான். கடுக்காயும் அன்னபேதியும் கலந்து அந்தக் காலத்தில் காய்ச்சிய எழுதும் மையும் அதேதான். சேர்வராயன் மலைக் காடுகளில் கடுக்காய் மரம் உண்டு. எழுத்தாளனும் தோல் பதனிடுகிறவனும் ஒரே காயை நம்பிப் பிழைத்தவர்கள் என்ற உறவு அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இதைப் பெரியவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"எம் பையன் டாக்சி ஓட்டறானுங்க. இந்தப் பெட்டியைத் தூக்கி ஏரியிலே போடுங்கறான். நீங்க என்னடான்னா காசு கொடுத்து வாங்கியாறீங்க" என்றார்.

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சொல்லிக் கொடுப்பதற்குப் பணம் நீட்டினால் அவர் வாங்கமாட்டார். "உக்காந்து பேசறதுக்கெல்லாம் காசா?" என்றுவிடுவார்.

இப்போது, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நான் பல நாள் யோசித்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒண்டிக்கடை நிரம்பி வழிந்தது. நான் மடியில் தோலை வைத்துக் காபிக் கொத்து ஒன்றின் கோடுகளைக் கிழித்துக்கொண்டிருந்தேன். "சார், நீங்கதானே..." என்று ஒரு குரல். நிமிர்ந்து பார்த்தேன். மூக்குக் கண்ணாடி, ஸ்வெட்டர், பின்னால் மனைவி மக்கள். என் நாவல்களை ஒன்று விடாமல் படித்தவராம். முகமெல்லாம் மலர்ச்சி. அந்த மலர்ச்சிக்கு நடுவில் அவர் பார்வை என் மடிக்கும், பெரியவரின் பெட்டிக்கும், நான் உட்கார்ந்திருந்த பழப்பெட்டிக்கும் போய்வந்தது. "இங்கே... என்ன சார்?" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். தோல் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. "செருப்பு அறுந்துபோச்சு. தைக்கக் கொடுத்தேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் ஒன்றும் கேலி செய்யவில்லை. எல்லோரும் ஓர் குலம் என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் எழுதியவன் நான். அதைப் படித்து உருகியவர் அவர். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பழப்பெட்டி கிடந்தது, அவ்வளவுதான்.

என் செருப்பு இரண்டும் என் காலிலேயே, முழுசாக இருந்தன. பெரியவர் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை நீட்டி, "வலது காலுங்களா சார்? கழட்டுங்க" என்றார். அறுபடாத வாரில் குத்தூசியை ஏற்றி, மெழுகு நூலால் இரண்டு தையல் போட்டார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். செருப்பை என் காலுக்கு நேரே வைத்தார்.

"இருபது ரூபாய்ங்க."

கொடுத்தேன். வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டார். என்னிடம் அவர் வாங்கிய முதல் காசு அதுதான்.

மறுநாள் நல்ல மழை. மழை நல்ல சாக்காக இருந்தது. அதற்கு மறுநாளும் மழை. மூன்றாம் நாள் சாக்கு இல்லை, போனேன். பழப்பெட்டி உள்ளே தள்ளி, நனையாமல் இருந்தது. கீழே விழுந்த தோலைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார்.

"பெரியவரே, அன்றைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"பருவம் போயிருக்கும். மறுக்கா நனைச்சு எடுங்க" என்றார்.

நனைத்தேன். நிறம் திரும்பும்வரை இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் எங்களைத் தாண்டிப் போயிற்று. தெரிந்த முகம் ஏதாவது வராதா என்று அன்று எனக்கு இருந்தது. வரவில்லை. தப்புச் செய்த நாளில் வருகிற ஆள், திருத்திக்கொள்ள நினைக்கிற நாளில் வருவதில்லை.

காபிக் கொத்து ஒரு மூக்குக் கண்ணாடி உறையாயிற்று. அதைப் பெரியவரிடம் கொடுத்தேன். விளிம்பைத் தடவி, "ரெண்டு எடத்துலே கை நடுங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு, தம் கண்ணாடியை அதற்குள் வைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டார். அந்த உறையின் ஜோடியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் தாயார் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாருடா சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள். சொன்னேன். தன் மூக்குக் கண்ணாடியை அதில் போட்டு, ஒன்றும் சொல்லாமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

நாவலில் ரயில் வந்துவிட்டது. செருப்பைத்தான் இன்னும் மாற்றவில்லை. மாற்று மாற்று என்று மனைவி சொல்கிறாள். வாரெல்லாம் தேய்ந்துபோய்விட்டது. அந்த இரண்டு தையல் மட்டும் கெட்டியாக இருக்கிறது.