விழும் உடம்பு

சென்ற இதழில் நண்பர் ஒருவரின் கவிதையை 'வெறும் பாவனை' என்று எழுதினேன். இப்போது அவர் என்னுடன் பேசுவதில்லை. வங்கியில் கணக்கு நேராகாத ஒரு மாலையில் தாரா சிங்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். 1968ல் பம்பாயில் லூ தெஸை வென்று உலகப் பட்டம் பெற்றவர். 1983ல் டில்லியில் ஓய்வு. தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி பெரும்பாலும் முன்பே பேசி வைத்ததுதான். ஆனால் கிங்காங்கின் பேருடல் மேலே விழும்போது எலும்பு வாங்கும் அடி பேசி வைத்ததல்ல.

அறுபதை நெருங்கும் வயதில், 1987ல், தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமன் ஆனார். ஒட்டுமுகம் பாவனை, அதற்குக் கீழே இருந்த கழுத்து மல்லனுடையது.

நண்பரின் கவிதையை மறுபடி படித்தேன். மூன்றாம் வரியில் ஏதோ நிஜமாகவே விழுகிறது. மதிப்புரையில் அதை நான் சொல்லவில்லை.