ஜிம்மியின் கிண்ணம்

எங்கள் இல்லத்து ஜிம்மியை நான் "பெருந்தீனிக்காரன்" என்று கடிந்துகொண்டதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். இரண்டு வயது ஜெர்மன் ஷெப்பர்ட். கிண்ணம் காலியானதும் குப்பைக்கூடையைக் கவிழ்ப்பான். அன்பின் விருந்தன்று எச்சில் இலைகளை இழுத்துவந்ததற்காக நாள் முழுவதும் அவனைக் கட்டிப்போட்டேன். ஆயினும் விலா எலும்புகள் துருத்தின; மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு மிகுதியாகப் போயிற்று.

இரத்தப் பரிசோதனைக்குப் பின் கால்நடை மருத்துவர் காரணத்தைச் சொன்னார். அவன் கணையம் செரிமான நொதிகளைப் போதிய அளவு சுரக்கவில்லை. இந்த இன நாய்களில் அதிகம் காணப்படும் நோயாம். உண்டது உடலில் சேரவேயில்லை. அவன் வயிறார உண்டும் பட்டினி கிடந்தான். நானோ அதைப் பேராசை என்றேன். அன்றிரவு கர்த்தரிடம் அதை அறிக்கையிட்டேன்.

இப்போது ஒவ்வொரு வேளையும் நொதித்தூளை உணவில் கலந்து பிசைகிறேன். ஆயுள் முழுவதும் இப்படித்தான். வைட்டமின் பி12 குறைந்திருந்ததால் அதற்கு ஊசியும் உண்டு. (ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளே, அவனுக்கு பிஸ்கட் போடாதிருங்கள்.) நாங்கள் உபவாசிக்கும் நாளிலும் அவன் கிண்ணத்துக்கு விலக்கில்லை. தூள் கலந்து முடியும்வரை படியோரம் காத்திருக்கிறான். எடை மெல்ல ஏறுகிறது.