முதல் நாளிலேயே போன இரண்டு புள்ளிகள்

2022 ஆகஸ்ட் 6, சனி

லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையை ஒட்டியுள்ள கிரேவன் காட்டேஜ் மைதானத்தில், லிவர்பூல் அணி இப்பருவத்தின் தனது முதல் பிரீமியர் லீக் ஆட்டத்தை ஃபுல்ஹாமுக்கு எதிராக ஆடி 2-2 என்று டிரா செய்தது. இங்கிலாந்தில் 1981 முதல் வெற்றிக்கு மூன்று புள்ளிகளும் டிராவுக்கு ஒரு புள்ளியும் வழங்கப்படுவதால், வென்றிருக்க வேண்டிய ஆட்டம் டிராவில் முடியும்போது ரசிகர் ஒன்று கிடைத்ததாக எண்ணுவதில்லை, இரண்டு போனதாகவே எண்ணுகிறார். லிவர்பூல் ரசிகருக்கு இந்தக் கணக்கு ஆறாத புண். 2018-19 பருவத்தில் 97 புள்ளிகள் எடுத்தும் 98 எடுத்த மான்செஸ்டர் சிட்டியிடம் பட்டத்தை இழந்த அணி, சென்ற பருவத்தில் 92 எடுத்தும் அதே சிட்டியிடம் 93-க்கு மீண்டும் இழந்தது. ஒற்றைப் புள்ளியில் இருமுறை கோப்பையைப் பறிகொடுத்தவர்களிடம், பருவம் நீண்டது, இன்னும் 37 ஆட்டங்கள் உள்ளன என்று ஆறுதல் சொல்வது எடுபடாது.

ஃபுல்ஹாம் இரண்டாம் நிலைப் போட்டியான சாம்பியன்ஷிப்பில் முதலிடம் பெற்று மேலே வந்திருக்கும் அணி. அதன் முன்கள வீரர் மித்ரோவிச் அப்போட்டியில் ஒரே பருவத்தில் 43 கோல்கள் அடித்தவர் என்பதால், அவரை எளிதாக எடுத்துக்கொள்ளக் காரணமே இல்லை. ஆயினும் 32-ஆம் நிமிடத்தில் வலப்புறமிருந்து உயர்ந்து வந்த பந்து கோலின் தூரமுனையை நோக்கி இறங்கியபோது, அங்கே காவலுக்கு நின்ற அலெக்சாண்டர்-ஆர்னால்டின் தலைக்கு மேலாக மித்ரோவிச் எழும்பி, தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். பந்து எங்கே விழப்போகிறது என்பது மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது வேண்டும் என்று துடித்தவர் ஒருவர்தான், அவர் லிவர்பூலின் சிவப்புச் சட்டைக்காரர் அல்லர்.

இடைவேளைக்குப் பின் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய லிவர்பூலின் நூனியெஸ் குதிகாலால் தட்டிவிட்ட அழகான கோலால் ஆட்டம் சமனானது. பின்னர் வான் டைக் செய்த தவறால் கிடைத்த பெனால்டியை, அதாவது கோல்காப்பாளர் மட்டுமே எதிர்நிற்கும் தண்ட உதையை, மித்ரோவிச் கோலாக்க, 80-ஆம் நிமிடத்தில் சலா அதற்கு ஈடுகட்டினார். கூடுதல் நேரத்தில் ஹெண்டர்சன் தூரத்திலிருந்து உதைத்த பந்து கோல் சட்டத்தின் மேல்கம்பியில் மோதித் திரும்பியது.

2022 ஆகஸ்ட் 7, ஞாயிறு

இரவு கடந்தும் ரசிகரின் கோபம் தணியவில்லை. தணியாததில் நியாயம் இருக்கிறது. அது மேல்கம்பியின் மீதான கோபம் அன்று, ஏனெனில் அப்பந்து உள்ளே போயிருந்தாலும் ஆட்டத்தின் முதல் பாதி மாறியிருக்காது. மனநிலையே சரியில்லை என்று பயிற்சியாளர் கிளாப்பும் ஒப்புக்கொண்டார். கோளாறு நடுக்களத்தில், அதாவது தாக்குதலையும் தற்காப்பையும் இணைக்கும் ஆட்டக்காரர்களின் வரிசையில் உள்ளது என்பது ரசிகரின் வாதம். ஹெண்டர்சனுக்கு 32 வயது, மில்னருக்கு 36, தியாகோவுக்கு 31. அந்த தியாகோவும் நேற்றுத் தொடைப் பின்தசை காயத்தால் பாதியில் வெளியேறினார். இந்தக் கோடையில் முன்களத்துக்கு நூனியெஸை வாங்கிய நிர்வாகம், நடுக்களத்துக்கு அனுபவமுள்ள ஒருவரையும் இதுவரை வாங்கவில்லை. இதை வெறும் தோல்விப் புலம்பல் என்று ஒதுக்குவது தவறு. வாரந்தோறும் ஒரே அணியைக் கண்கொட்டாமல் பார்ப்பவருக்கு, ஓட்டம் குறைவது புள்ளிப்பட்டியலில் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

2022 ஆகஸ்ட் 22, திங்கள்

சென்ற வாரம் சொந்த மண்ணான ஆன்ஃபீல்டில் கிறிஸ்டல் பேலஸுடன் 1-1. தலையால் எதிராளியை முட்டிய நூனியெஸுக்குச் சிவப்பு அட்டை. இன்று மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 2-1 என்று தோல்வி. மூன்று ஆட்டங்களில் கிடைத்தவை இரண்டே புள்ளிகள்.

2023 மே 28, ஞாயிறு

டிராவில் தொடங்கிய பருவம் டிராவிலேயே முடிந்தது. பட்டியலின் கடைசி இடத்தில் நின்று கீழ்நிலைப் போட்டிக்கு இறங்கும் சவுத்தாம்ப்டனுடன் லிவர்பூல் 4-4 என்று சமன் செய்து, மொத்தம் 67 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம் பெற்றது. முதல் நான்கு இடங்களுக்கே சாம்பியன்ஸ் லீக், அதாவது ஐரோப்பிய நாடுகளின் முன்னணிக் கழகங்கள் மோதும் போட்டி, திறந்திருந்ததால் அந்த வாய்ப்பும் போனது.

2023 செப்டம்பர் 1, வெள்ளி

ஆட்டக்காரர்களை வாங்குவதற்கான கெடு முடியும் நாளான இன்று கிராவன்பெர்க் வந்து சேர்ந்தார். மக் அலிஸ்டர், சோபோஸ்லாய், எண்டோ ஆகியோருடன் சேர்த்து இந்தக் கோடையில் லிவர்பூல் வாங்கிய நடுக்கள ஆட்டக்காரர்கள் நால்வர். சென்ற ஆண்டு கிரேவன் காட்டேஜிலிருந்து திரும்பிய ரசிகர் கேட்டதும் இதைத்தான்.