சத்தம் போடாம ஒரு பேஸ் கிட்டார்!

மேடையில பாடகர் நடுவுல நிப்பாரு. லீட் கிட்டார்காரன் முடியைச் சிலுப்பிக்கிட்டு முன்னால வருவான். டிரம்மர் பின்னால உயரத்துல உக்காந்து குச்சியைச் சுழட்டுவான். இவங்களுக்கு இடையில, லைட் சரியா விழாத ஒரு மூலையில, நாலே நாலு கம்பியை வச்சுக்கிட்டு ஒருத்தன் தேமேன்னு நிப்பான் பாருங்க... அவன்தான் பேஸ் கிட்டாரிஸ்ட். கல்ச்சுரல்ஸ் முடிஞ்சதும் எல்லாருக்கும் கை குடுத்துட்டு கடைசியா அவன்கிட்ட வந்து, 'நீங்க என்ன பாஸ் வாசிச்சீங்க?'ன்னு அப்பாவியா கேப்பாங்க.

அந்த இனத்தைச் சேர்ந்தவன்தான் நான். அதுலயும் எனக்கு ஒரு கூடுதல் தகுதி உண்டு. மேடையிலயே சரியாக் கேக்காத இந்த வாத்தியத்தை, வீட்ல சுத்தமா யாருக்குமே கேக்காம வாசிக்கிறேன். உபயம்: ஹெட்போன்!

எங்க வீடு திருநெல்வேலி டவுன்ல, ரத வீதிக்குப் பின்னால ஒரு வளவுல இருக்கு. வெளியூர் ஃப்ரெண்ட்ஸுக்காகச் சொல்றேன். வளவுன்னா தெருவுக்கு ஒரே வாசல், உள்ள போனா வரிசையா வீடுகள், எல்லாருக்கும் பொதுவா ஒரு முற்றம். சுவரும் பொதுதான். அடுத்த வீட்ல வத்தல் தாளிச்சா நமக்குத் தும்மல் வரும். மூணாவது வீட்டு அக்கா குரூப் ஃபோர் எக்ஸாமுக்குப் படிக்கிறாங்க. எதிர்த்த வீட்ல கைக்குழந்தை. எங்க வீட்லயோ அப்பா பஸ் டிரைவர். முதல் டிரிப் எடுக்கணும்னா மூணரைக்கு எந்திரிக்கணும். அதனால ராத்திரி எட்டரைக்கே படுத்துருவாங்க. அவங்க தூக்கம் கெட்டா அது எங்க வீட்டுப் பிரச்னையோட நிக்காது. விடியக்காலையில அவங்களை நம்பிப் பின்னால உக்காந்திருக்கிற அம்பது பேரோட பிரச்னை அது. இந்தக் கணக்கு எனக்குச் சின்ன வயசுலயே தெரியும்.

கல்யாண வீடுகள்ல கேட்டரிங் பசங்களோட சேர்ந்து பந்தி பரிமாறி, சேத்து வச்ச காசுல, கலைஞ்சு போன ஒரு மெல்லிசைக் குழுவோட பழைய பேஸ் கிட்டாரை வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, 'ஏல, இது எம்புட்டு சத்தம் போடும்?'

'வால்யூமைக் குறைச்சு வச்சு வாசிக்க வேண்டியதுதானே?'ன்னு நீங்க கேக்கலாம். அங்கதான் ஃபிசிக்ஸ் குறுக்க வருது. பேஸ் கிட்டாரோட தடிமனான கம்பி வினாடிக்கு சுமார் 41 தடவை அதிருது. சாதாரண கிட்டாரோட தடிக் கம்பிக்கு 82. சரியா ஒரு ஸ்தாயி கீழ. 41 ஹெர்ட்ஸ்னா அந்த ஒலி அலையோட நீளம் சுமார் 27 அடி. எங்க ரூமே பத்துக்குப் பன்னெண்டு. கீச்சுக் குரலைச் சுவர் ஓரளவு தடுத்துரும். அடி ஒலிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. ஆனித் தேரோட்டம் அன்னிக்கு ரெண்டு தெரு தள்ளி ஸ்பீக்கர் ஓடினா நமக்கு என்ன கேக்கும்? பாட்டு வராது, பாடகர் குரல் வராது. 'தும்... தும்...' மட்டும் வந்து நிக்கும். அந்த 'தும்'தான் நம்ம ஆளு.

இன்னொரு சிக்கலும் இருக்கு. சத்தம் குறையக் குறைய நம்ம காது கீழ் ஸ்வரங்களைத்தான் முதல்ல கைவிடும். ஆக, வாசிக்கிற எனக்குச் சரியாக் கேக்குற அளவுக்கு ஏத்தினா, சுவத்துக்கு அந்தப் பக்கமும் 'தும்' போய்ச் சேர்ந்துரும். இதுக்கு மேல கொடுமை உண்டா?

நல்ல காலமா எலெக்ட்ரிக் பேஸுக்கு உள்ள பெட்டி கிடையாது. வீணைக்குக் குடம் இருக்கு, சாதாரண கிட்டாருக்குக் காலிப் பெட்டி இருக்கு. இது வெறும் மரக்கட்டை. கம்பிக்குக் கீழ காந்தமும் அதைச் சுத்தின செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். மேல உலோகக் கம்பி அதிர்ந்தா, சுருள்ல மின்சாரம் பிறக்கும். ஃபாரடே 1831-ல கண்டுபிடிச்ச அதே சங்கதி. பிளஸ் டூல அஞ்சு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணின மின்காந்தத் தூண்டல், நம்ம மடியிலயே நடக்குது! 1951-ல லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்'ங்கிற பேர்ல இதைக் கடைக்குக் கொண்டு வர்ற வரைக்கும், பேஸ் வாசிக்கணும்னா பெரும்பாலும் ஆள் உயர டபுள் பேஸைத்தான் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். எங்க வளவு வாசல்ல அது நுழையவே நுழையாது.

ஹெட்போனை நேரா கிட்டார்ல சொருகினா வேலைக்கு ஆகாது. அதுல வர்ற மின்சாரம் ரொம்ப சன்னம். நடுவுல ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் வேணும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசா, கிட்டார் ஓட்டையிலயே சொருகுற மாதிரி வருது. ரெண்டு சின்ன பேட்டரி போதும். கரன்ட் போனாலும் கச்சேரி நிக்காது. மொபைலை இணைக்க வழி இருந்தா, பாட்டை ஓட விட்டுக் கூடவே வாசிக்கலாம். புளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம். அதுல சத்தம் காதுக்கு வர 0.1 முதல் 0.2 வினாடி வரைக்கும் தாமதமாகும். நிமிஷத்துக்கு 100 பீட் போற பாட்டுல கால் பீட்டே 0.15 வினாடிதான். இன்னிக்கு வாசிச்சது நாளைக்குக் கேக்குற மாதிரி இருக்கும்! ஒயர் வச்ச, காதை முழுசா மூடுற ஹெட்போன்தான் சரி.

இப்ப இதையெல்லாம் வெளியில இருந்து பாருங்க. ஒரு பையன், காதுல பெரிய டப்பா, மடியில கட்டை, மண்டையை ஆட்டிக்கிட்டே இருக்கான். சத்தம்? 'டிக்... டிக்... டிக்...' அவ்வளவுதான். எதிர்த்த வீட்டு அத்தை அம்மாகிட்ட ரகசியமாக் கேட்டிருக்காங்க, 'பையனுக்கு ஒண்ணுமில்லையே?' அம்மா சொன்ன பதில்: 'ஒண்ணுமில்ல மைனி, ரெண்டு வருசமா அந்தக் கட்டையைச் சொரிஞ்சிக்கிட்டே கெடக்கான். என்னத்த வாசிக்கான்னு அந்த நெல்லையப்பருக்குத்தான் தெரியும்.'

ஆனா உள்ள நடக்கிறது வேற கதை. ஹெட்போன் ஒரு கொடூரமான வாத்தியார். கூடத்துல வாசிக்கும்போது மறைஞ்சு போறதெல்லாம் இங்க அப்பட்டமாத் தெரியும். வாசிக்காத கம்பி தானா அதிர்ந்து 'ம்ம்ம்'னு முனகும். ஒரு ஸ்வரத்தைத் தொடங்க ஒரு விரல் போதும், அதை நிறுத்த ரெண்டு கையும் வேணும். இடது கை விரல்களைக் கம்பி மேல லேசாப் படுக்க வச்சு, வலது கை கட்டை விரலைக் கீழ்க் கம்பிகள் மேல சாய்ச்சு, வேண்டாத சத்தத்தையெல்லாம் அமுக்கணும். எதை வாசிக்கக் கூடாதுங்கிற பாடத்துக்கே எனக்கு ஆறு மாசம் போச்சு.

அப்புறம் பாட்டு கேக்குறதே மாறிப் போச்சு. டீக்கடையிலயும் மொபைல் ஸ்பீக்கர்லயும் நூறு தடவை கேட்ட இளையராஜா பாட்டுக்குள்ள, அடியில இன்னொரு மெட்டு தனியா ஓடிக்கிட்டிருக்கிறது ஹெட்போன்லதான் பிடிபட்டுச்சு. மொபைலோட குட்டி ஸ்பீக்கரால 41 ஹெர்ட்ஸை எல்லாம் எழுப்பவே முடியாது. கூட வர்ற மேல் அதிர்வுகளை வச்சு, கீழ என்ன இருந்திருக்கும்னு நம்ம மூளையே ஊகிச்சு நிரப்பிக்குது. ராஜா சாரோட எத்தனையோ பாடல்களுக்கு பேஸ் வாசிச்சவர் சசிதரன். ரஹ்மானோட பாடல்கள்ல கீத் பீட்டர்ஸ். இந்த ரெண்டு பேரையும் ஹாஸ்டல்ல யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க, முழிப்பாங்க. 2011-ல வந்த 'கோ' படத்துல 'என்னமோ ஏதோ' பாடின ஆலாப் ராஜுவைக் கேளுங்க, உடனே சொல்லிருவாங்க. அவரும் பேஸ் கிட்டாரிஸ்ட்தான். பாடின பிறகுதான் ஊருக்குத் தெரிஞ்சாரு! அமெரிக்காவுலயும் இதே நிலைமைதான். 1960-கள்ல மோடவுன் கம்பெனியோட ஹிட் பாட்டுகள்ல பலதுக்கும் பேஸ் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சனோட பேர் அவங்க ஆல்பத்துல அச்சாக, 1971-ல மார்வின் கேயோட 'வாட்ஸ் கோயிங் ஆன்' வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு.

ஹெட்போன் போட்டுட்டா எல்லாம் வந்துரும்னு நினைச்சுராதீங்க. ரெண்டு விஷயம். முதல்ல காது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்குறதா இருந்தா 80 டெசிபல் வரைக்கும் ஓகேன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 90 டெசிபல்னா வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பேஸ் 'பத்தலை'ன்னு வால்யூமை ஏத்திக்கிட்டே போகத் தோணும். அடக்கிக்கணும். போன காது திரும்ப வராது.

ரெண்டாவது, மனுஷங்க. ஞாயித்துக்கிழமை மதியம் பாளையங்கோட்டையில ஒரு ஃப்ரெண்ட் வீட்டு மாடியில எங்க பேண்ட் கூடும். எங்க டிரம்மர் சர்ச் குவயர்ல வாசிக்கிறவன். ஹெட்போனுக்குள்ள மெட்ரோனோம் செத்தாலும் வேகம் மாறாது. அவன் மாறுவான். பாட்டு ஏறும்போது மயிரிழை முந்துவான், அடங்கும்போது லேசா இழுப்பான். அவன் காலால மிதிக்கிற பெரிய டிரம்மோட அடியும் என் கம்பியும் ஒரே சத்தமா விழணும். அதுக்கு அவன் பாதத்தைப் பார்க்கணும், அவன் மூச்சைக் கேக்கணும். ராத்திரி தனியா வாசிச்சுச் சேத்து வச்சதெல்லாம் இந்த ரெண்டு மணி நேரத்துலதான் செலவாகுது.

நம்ம ஊர்ல 'ஒத்து ஊதுறான்'னு சொன்னா அது திட்டு. நாதஸ்வரக் கச்சேரியில ஒத்துக்காரரைப் பார்த்திருந்தா அப்படிச் சொல்ல மனசு வராது. கொஞ்சம் நீளமான ஒரு குழலை வச்சுக்கிட்டு, கச்சேரி முழுக்க ஒரே சுருதியை மூச்சு அறாம ஊதணும். இப்ப அந்த இடத்துக்குச் சுருதிப் பெட்டி வந்துருச்சு. சேரன்மகாதேவி தாண்டினா வர்ற காருகுறிச்சியில பிறந்த காருகுறிச்சி அருணாசலத்தோட பேர் உலகத்துக்கே தெரியும். 1962-ல வந்த 'கொஞ்சும் சலங்கை'யில எஸ்.ஜானகி குரலோட போட்டி போட்ட நாதஸ்வரம் அவரோடதுதான். அவர் காலத்துக் கச்சேரிகள்ல பக்கத்துல நின்னு ஒத்து ஊதினவங்க பேரை யாரு ஞாபகம் வச்சிருக்கா?

இதை நான் புலம்பலாச் சொல்லலை. எனக்கு இதைத் தெளிய வச்சது எங்க ஆச்சி. அவங்களுக்கு சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம். இப்ப காது ரொம்ப மந்தம். ஹெட்போனை மாட்டி விட்டாலும் பிரயோஜனம் இல்ல. போன ஐப்பசி மழையில ஒரு ராத்திரி கரன்ட் போயிருச்சு. நான் பாட்டுக்கு வாசிச்சிக்கிட்டிருந்தேன். பக்கத்துல வந்து உக்காந்த ஆச்சி, கட்டை மேல உள்ளங்கையை வச்சாங்க. எடுக்கவே இல்ல.

'அதிருதுலா... இது குடம்லாலே!'

'எந்தக் குடம் ஆச்சி?'ன்னு காதுகிட்ட கத்தினேன்.

'கொடைக்கு வில்லடிப்பாவல்லா, அந்தக் குடம். நாங்கல்லாம் தரையில உக்காந்து கேப்போம். அவன் மட்டையால அடிக்கிறது தொடையில தெரியும். அவன் கையை நிறுத்திட்டாம்னா அம்புட்டுதான், சாமி எறங்காது.'

வில்லுப்பாட்டை நீங்களும் பார்த்திருப்பீங்க. புலவர் வீசுகோலால நாணை அடிச்சுக் கதை சொல்லுவாரு. உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் சுத்தி இருக்கும். வில்லோட சேர்த்துக் கட்டின மண்குடத்தை ஒருத்தர் குனிஞ்ச தலை நிமிராம தட்டிக்கிட்டே இருப்பாரு. நான் எத்தனையோ சுடலைமாடன் கொடையில பார்த்திருக்கேன். அவரு எங்க ஆளுன்னு ஆச்சி சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சது. காது கேக்கிற எங்க வளவுல ஒருத்தருக்கும் எட்டாத என் வாசிப்பு, காது கேக்காத ஆச்சிக்குக் கை வழியாப் போயிருச்சு. அன்னிக்கு ஒரு மணி நேரம் வாசிச்சேன். ரெண்டு சுவர் தள்ளி அப்பா நிம்மதியா குறட்டை விட்டுக்கிட்டிருந்தாங்க.

இப்ப நீங்க ஒண்ணு செய்ங்க. உங்களுக்குப் பிடிச்ச ராஜா பாட்டு ஒண்ணை முதல்ல மொபைல் ஸ்பீக்கர்ல கேளுங்க. அப்புறம் நல்ல ஹெட்போனை மாட்டி, பாடகரை விட்டுருங்க, வயலினை விட்டுருங்க. எல்லாத்துக்கும் அடியில யாரு நடந்து போறான்னு மட்டும் கேளுங்க. நடுராத்திரியிலகூட கேக்கலாம் பாஸ். வீட்ல ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க!