திண்ணையில் கேட்ட வினா

எரிகோவை விட்டு இயேசு புறப்படுகையில், வழியோரம் அமர்ந்திருந்த பர்த்திமேயு கூவி அழைத்ததை மாற்கு எழுதியிருக்கிறார். பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்பது கூட்டத்திலிருந்த குழந்தைக்கும் தெரியும். ஆயினும் இயேசு அதை அவரிடமே கேட்கிறார். அந்த வினா எனக்கு நெடுங்காலம் மிகையாகவே தோன்றியது.

நெசவாளர் பிள்ளைகளின் கல்விக்கு உதவும் எங்கள் சிறு சங்கத்திற்கு ஓர் இணையதளம் அமைத்தோம். முகப்பில் என்ன இடம்பெற வேண்டுமென ஐவர் கூடி முடிவு செய்தோம். ஐவரில் தறியில் அமர்ந்தவர் ஒருவருமில்லை. சங்கத்தின் வரலாறு, பொறுப்பாளர் படங்கள், தலைகுனிந்து காசோலை பெறும் மாணவியின் படம்; விண்ணப்பமோ மூன்றாம் பக்கத்தில். ஓராண்டாகியும் காஞ்சியை அடுத்த ஓரிக்கையிலிருந்து ஒரு விண்ணப்பமும் வரவில்லை. அங்கே தேவை இல்லை போலும் என்று ஒருவர் கூறினார். அவர் வேறு யாருமல்லர், நானே.

ஓர் இணையதளத்தின் குறைகளில் பெரும்பகுதியை அறிய, ஐந்து பேர் அதைப் பயன்படுத்துவதை அருகிருந்து பார்த்தாலே போதும் என 2000-ஆம் ஆண்டில் யாக்கோப் நீல்சன் என்னும் வல்லுநர் எழுதினார். நமக்கு இது புதிதன்று. 1833-இல் பாரிசில் ஓசனாமும் நண்பர்களும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது, அருட்சகோதரி ரொசாலி ரெந்து அந்த இளைஞர்களை ஏழைகளின் இல்லங்களுக்கே அனுப்பினார். நாங்கள்தாம் மறந்திருந்தோம். திருமழிசை ஆழ்வாரோடு பெருமாள் ஓரிரவு தங்கியதால் 'ஓரிரவிருக்கை' என்றான ஊரே ஓரிக்கை என்பர். எங்களில் எவரும் அங்கே ஒரு மாலைப்பொழுதுகூடத் தங்கியதில்லை.

சென்றேன். கோர்வைப் புடவை நெய்ய இருவர் வேண்டும். கணவர் தறியிலும் மனைவி கரைப் பக்கத்திலும் அமர்ந்திருந்தனர். தறி நின்றால் கூலி நிற்கும் என்பதால் அந்தி வரை திண்ணையில் காத்திருந்தேன். கைப்பேசி வீட்டில் ஒன்றுதான். அதுவும் மகன் வேலை முடிந்து வந்த பிறகே கிடைக்கும். விளக்கமேதும் சொல்லாமல், தளத்தைத் திறந்து அந்த அம்மையாரிடம் கொடுத்தேன்.

"பயனாளி என்றால் கொடுக்கிறவங்களா, வாங்குறவங்களா ஐயா?" என்பது அவர் முதலில் கேட்டது. அடுத்து 'மாத ஊதியம்' என்ற கட்டம். அவர்களுக்குப் புடவைக் கணக்கில் கூலி. ஒரு பாவு முடிந்து மறு பாவு வரும்வரை வருமானமே இல்லை. எண் இடாமல் படிவம் நகரவும் மறுத்தது. பிறகு அந்த மாணவியின் படத்தில் விரல் நின்றது.

"எம் பொண்ணையும் இப்படி நிக்க வச்சுப் போடுவீங்களா?"

அப்படத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். நன்கொடையாளர் மனம் இளகும் என்று வாதாடியவனும் நானே. வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்று எத்தனையோ ஞாயிறுகள் கேட்டிருக்கிறேன். உலகறியக் காட்டுவதற்கு ஒரு சிறுமியின் குனிந்த தலையைப் பயன்படுத்தியிருக்கிறோமே என்பது அன்றுதான் சுட்டது. அவருக்கு உடனே பதில் சொல்ல இயலவில்லை.

மேலும் நான்கு வீடுகளுக்குச் சென்றேன். அவற்றுள் மூன்றில் அதே படத்தைப் பற்றிக் கேட்டனர்.

படத்தை நீக்கினோம். சங்கக் கூட்டத்தில் அது எளிதாக நடந்துவிடவில்லை. நன்கொடையாளர் இருவர் காரணம் கேட்டு எழுதியும் விட்டனர். ஊதியக் கட்டம் போயிற்று. 'பயனாளி' என்ற சொல்லும் போயிற்று. முகப்பில் இப்போது 'உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?' என்ற ஒரு வரியும், அதன் கீழ் ஒரு தொலைபேசி எண்ணும் உள்ளன. தறி ஓய்ந்த பின், இரவு ஏழு மணி முதல் ஒன்பது வரை அழைக்கலாம். செவ்வாயும் வெள்ளியும் எடுத்துப் பேசுவது என் முறை.