காத்து எந்தப் பக்கம்?

குர்கானில் வசந்தம் என்பது மொத்தமே மூன்று வாரம்தான். பனிமூட்டம் போனதற்கும் 'லூ' என்கிற அனல்காற்று வருவதற்கும் நடுவில் ஒரு சின்ன சந்து. அந்தச் சந்துக்குள் ஒரு நாளாவது கிராமத்துப் பக்கம் சைக்கிள் ஓட்டிவிட வேண்டும் என்று வருஷா வருஷம் சபதம் எடுப்பேன். அது நிறைவேறியது 2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. ஹோலிக்கு ஐந்து நாள் முன்னால். கூட வந்தது அப்பா.

2024 ஐப்பசியில் அம்மா தவறிப்போனார்கள். காரியம் முடிந்த கையோடு அப்பாவை இங்கே அழைத்து வந்துவிட்டேன். எழுபத்தொரு வயசு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் முப்பத்து மூன்று வருஷம் தபால்காரர். வெயிலோ மழையோ சைக்கிள்தான். அப்பேர்ப்பட்ட மனுஷன் பதினாலாவது மாடி பால்கனியில், குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு, கீழே போகிற கார்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஊர் வீட்டை வாங்க ஒரு ஆள் தயாராக இருந்தார். மூன்று தடவை பேச்செடுத்தேன். மூன்று தடவையும் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு டீவி பக்கம் திரும்பிவிட்டார்.

இந்த லட்சணத்தில்தான் என் இ-பைக் அவர் கண்ணில் பட்டது. முட்டி ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனபிறகு வாங்கினது.

"மோட்டார் வெச்சா அது மொபெட்டு. பெட்ரோல் வாசனதான் இல்ல" என்றார்.

விட முடியுமா? வகுப்பெடுத்தேன். பெடலை மிதித்தால்தான் மோட்டார் சுற்றும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நிறுத்திக்கொள்ளும். பிரேக்கைத் தொட்டாலும் அப்படித்தான். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் என்றால் சட்டப்படி இது மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். உதவி எவ்வளவு வேண்டும் என்று ஒன்றிலிருந்து ஐந்துவரை நாமே வைத்துக்கொள்ளலாம். பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர். அதாவது 360 வாட்-ஹவர். முழுசாக சார்ஜ் ஏற்ற அரை யூனிட் கரண்டுகூட ஆகாது.

"மிதிச்சாத்தான் ஒதவுமா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

தங்கமணி நிபந்தனை போட்டாள். மாமா இ-பைக்கில், நான் சாதா சைக்கிளில். மாமா விழுந்தால் நான் வீட்டுக்கு வரவேண்டியதில்லை :-)

இரண்டு சைக்கிளையும் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு சுல்தான்பூர் போனோம். குர்கானிலிருந்து ஃபரூக்நகர் போகிற ரோட்டில் இருக்கிற பறவைகள் பூங்கா அது. பீட்டர் ஜாக்சன் என்ற பத்திரிகையாளர் இந்திரா காந்திக்கு எழுதிய கடிதத்தில் ஆரம்பித்த கதை. 2021-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து உதயமார்த்தாண்டபுரம் அதே பட்டியலில் சேர்ந்தது 2022-ல். "நம்மூரு ஏரிக்கு ஒரு வருஷம் மூத்தது" என்றேன். குளிருக்கு வந்த வாத்துகள் ஊர் திரும்புகிற மாசம். வரிசையாக ஒரு கூட்டம் தலைக்கு மேலே போனது. அப்பா கழுத்து வலிக்கிற அளவுக்கு நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

காரை அங்கே விட்டுவிட்டு, பெரிய ரோட்டைத் தவிர்த்து, வயல் நடுவே போகிற ஒற்றைத் தார்ப்பாதையில் மேற்கே கிளம்பினோம். இரண்டு பக்கமும் கோதுமை. கடுகுப் பூவெல்லாம் உதிர்ந்து காய் பிடித்திருந்தது. அங்கங்கே மட்டும் கொஞ்சம் மஞ்சள் மிச்சம். இலவ மரம் ஒன்று இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நின்றது. வண்டி வாகனம் கிடையாது. போர்செட் சத்தம், மயில் அகவல், அவ்வளவுதான்.

மேல்காற்று நேராக மூஞ்சியில் அடித்தது. எனக்கு நாக்கு தள்ளியது. அப்பா உதவியை ஐந்தில் வைத்துக்கொண்டு ஜம்மென்று முன்னால் போய், ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காகக் காத்திருந்தார். தபால் கொடுக்கிற மாதிரி ஒரு காலைத் தரையில் ஊன்றி, பெல்லை ஒரு தட்டு தட்டுவார். அந்த ரெட்டைத் தட்டை நான் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

ஒரு இடத்தில் இறங்கி, கோதுமைக் கதிரில் ஒரு மணியை நசுக்கிப் பார்த்தார்.

"பால் புடிச்சிருக்கு."

வரப்பிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அப்பாவின் விரலைப் பார்த்துவிட்டு "தூத்" என்றார். அப்பா "பால்" என்றார். அப்புறம் என் தயவே தேவைப்படவில்லை. எத்தனை நாள் பயிர் என்பதை விரலிலேயே கேட்டு விரலிலேயே பதில் வாங்கிக்கொண்டார். கார்த்திகையில் விதைத்து சித்திரையில் அறுப்பு. "நம்ம சம்பா மாதிரிதான், அஞ்சு மாசம்" என்று எனக்கு மொழிபெயர்த்தார்! பெரியவர் "தாவூ, தாவூ" என்று கூப்பிட்டு இரண்டு கை நிறைய இலந்தைப்பழம் கொடுத்தார். நம்மூர் இலந்தையைவிட நாலு பங்கு பெரிசு. புளிப்பு கம்மி.

ஃபரூக்நகர் 1732-ல் ஃபௌஜ்தார் கான் உண்டாக்கிய ஊர். அவர் கட்டின ஷீஷ் மஹால் இன்னும் நிற்கிறது. ஒரு காலத்தில் உப்புக்குப் பேர் போன இடம். உவர்க் கிணற்றுத் தண்ணீரைப் பாத்தியில் விட்டுக் காயவைத்து உப்பு எடுத்திருக்கிறார்கள். அதை ஏற்றிப்போக 1873-லேயே ரயில் வந்துவிட்டது. அப்புறம் உப்புத் தொழில் படுத்துவிட்டது. வேதாரண்யம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த அப்பாவுக்கு இதைக் கேட்டு ஆச்சரியம் தாங்கவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கடலே இல்லாத ஊரில் உப்பா என்று இரண்டு தடவை கேட்டார். டீ ஆறியது. அப்புறம் சொன்னார்.

"தம்பி, நான் சித்திரைக்கு ஊருக்குப் போறேன். வீட்ட விக்க வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. "யாரு சமைச்சுப் போடுவா? ராத்திரி விழுந்துகிழுந்து வெச்சா?" என்று ஆரம்பித்தேன். குரல் உயர்ந்துவிட்டது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இங்க மட்டும் விழமாட்டேனா? இங்க விழுந்தா லிஃப்ட்ல எறக்கணும்."

அதற்குமேல் இரண்டு பேரும் பேசவில்லை. கிளம்பும்போது பார்த்தால் பேட்டரியில் ஒரே ஒரு கோடு. கொஞ்ச தூரத்தில் அதுவும் போய்விட்டது. முழு சார்ஜ்தான் இருக்கிறது என்று நம்பி, கிளம்பும்போது நான் பார்க்கவே இல்லை. போதாததற்கு எதிர்காற்றில் ஐந்தாம் நம்பர். மொத்தத்தையும் குடித்துவிட்டது. மோட்டாரும் பேட்டரியுமாக இருபது கிலோவுக்கு மேல் கனம். "எறங்குங்கப்பா, மாத்திக்கலாம்" என்றேன்.

"எதுக்கு? காத்துதான் பின்னால இருக்குல்ல" என்று மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவசரமே இல்லாமல், ஒரே சீராக மிதித்தார். முதுகுச் சட்டையைக் காற்று தள்ளிக்கொண்டு போனது. நான் பின்னாலேயே போனேன். விழுந்தால் பிடிக்கிற தூரத்தில்தான் போனேன். அவர் விழவில்லை. ஐந்து மாசமாக அவருக்கு எல்லாவற்றையும் ஐந்தாம் நம்பரில் வைத்திருந்தது நான்தான். காபி மேஜைக்கு வரும், மாத்திரை கைக்கு வரும், செருப்பைக்கூட எடுத்து வைப்பேன். அவர் மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. சுல்தான்பூர் வந்ததும் சட்டையெல்லாம் வேர்வை. அம்மா போனபிறகு முதல் தடவையாக "பசிக்குதுடா" என்றார். வீட்டுக்கு வந்து ஐந்து சப்பாத்தி சாப்பிட்டார்.

ஏப்ரலில் ரயிலேற்றி அனுப்பினேன். மனசில்லாமல்தான் அனுப்பினேன். இப்போது ராத்திரித் துணைக்குப் பக்கத்து வீட்டுப் பையன் வந்து படுத்துக்கொள்கிறான். மதியச் சாப்பாடு அத்தை வீட்டிலிருந்து வருகிறது. மற்றதெல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். ஒன்றாம் நம்பர் உதவி. போதுமா என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் அடித்தால் நெஞ்சு ஒரு தடவை நின்றுதான் ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே கூப்பிடுவார்.

"சைக்கிள் எடுத்தியா?"

"போய்ட்டு வந்தேம்பா."

"காத்து எந்தப் பக்கம்?"